என் மகள் கேமராவைக் கீழே வைத்தாள்

1

போன வாரம் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் எனக்குப் போன் செய்தார். நான் முதியோர் இல்லத்தில் மதிய வேலையில் இருந்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெரியவருக்கு சூப் ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, தாழ்வாரத்துக்கு வந்து பேசினேன்.

"சகோதரி, பொங்கல் விழாவில உங்க மகள் அபிநயாவுக்குப் பொன்னாடை போர்த்தி கௌரவிக்கலாம்னு செயற்குழுவில ஒருமனதா முடிவெடுத்திருக்கோம். நம்ம இனத்தோட வீரமங்கை அவங்க" என்றார்.

"வேணாங்க" என்றேன்.

"உங்க தன்னடக்கம் எனக்குப் புரியுது..."

"தன்னடக்கம் இல்லீங்க. கோவம்."

என் இடைவேளை முடிந்துவிட்டது. வைத்துவிட்டேன்.

இதே குரல்தான் போன வருஷம் இதே போனில், உங்கள் பெண் தமிழர்களின் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்று கத்தியது. இந்த இரண்டு போனுக்கும் நடுவில் நடந்ததை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. கச்சேரியில் அபியை யாரோ எடுத்த வீடியோ அங்கேயும் வந்துவிட்டது. ஆரம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில், அபி மேடையில் மயங்கி விழுந்தாள் என்று ஒருவர் சொன்னாராம். எளாவூரில் இருக்கும் என் சித்தி மகளோ, அவளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று கேள்விப்பட்டு அழுதாளாம். இரண்டும் இல்லை. நடந்தது இதுதான்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளத்தை ஒட்டிய குப்பம் எனக்கு. பெயர் கஸ்தூரி. அப்பா முனுசாமி, எங்களுக்கு நைனா, ஏரியில் எறா பிடித்தார், காற்று ஒத்துவரும் மாதங்களில் கடலுக்கும் போனார். நான் ஆரம்பாக்கத்தில் ரயிலேறிப் போய் நர்சிங் படித்தேன். கல்யாணமாகி, கணவர் பாஸ்கரோடு ஆஸ்திரேலியாவில் மெல்பர்னுக்கு வந்தேன். என் படிப்பு இங்கே செல்லாது என்றார்கள். இன்னொரு பரீட்சை, இன்னொரு சான்றிதழ், அதற்கு மேல் இன்னொன்று என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஊசி போடத் தெரிந்த கையால் படுக்கை விரிக்கிறேன். அந்தக் கோபம் தனி. அதைப் பிறகு எப்போதாவது எழுதினால் உண்டு.

பாஸ்போர்ட்டில் நைனாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டது. அதனால் இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "முனுசாமி" என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். குப்பத்தை விட்டு மெட்ராஸுக்கு மேல் எங்கும் போகாத மனிதரின் பெயரை வெள்ளைக்காரிகள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து உரக்கச் சொல்வார்கள். ஆரம்பத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போடும். இப்போது எழுந்து நின்றுவிடுகிறேன்.

அபி இங்கே பிறந்தவள். தமிழ் புரியும். பேசுவதுதான் தகராறு. தமிழ்ப் பள்ளிக்குப் பாதியில் முழுக்குப் போட்டாள். சங்க விழாக்களுக்கு வரமாட்டாள். "அங்க எல்லாரும் எங்கிட்ட என்ன படிக்கறன்னு கேப்பாங்க, சொன்னதும் மூஞ்சி மாறும்" என்பாள். மாறத்தான் செய்யும். டாக்டர், கணக்காளர், கம்ப்யூட்டர் என்ற வரிசையில் அவள் படிப்பு இல்லை. அவள் சேர்ந்தது ஒளிப்பதிவுப் படிப்பு.

அந்தப் படிப்பில் கடைசி வருஷம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் போய் வேலை பழகவேண்டும். அது இல்லாமல் பட்டயம் கிடையாது. அபிக்குக் கிடைத்தது, மேடைக் கச்சேரிகளை நேரலையாகப் படம்பிடித்துப் பெரிய திரைகளில் காட்டும் நிறுவனம். முதல் நாள் கிளம்பும்போது என்னை மகிழ்விக்கத் தமிழிலேயே சொன்னாள்:

"அம்மா, இன்னைக்கு ஒரு பாட்டுக்காரரச் சுடப் போறேன்."

பாஸ்கருக்குச் சாப்பிட்ட இட்லி புரையேறிவிட்டது. ஷூட் என்பதைத் தமிழில் சொல்லிவிட்ட பெருமை அவள் முகத்தில். நாங்கள் திருத்தவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அவள் வேலைக்குப் பெயர் சுடுவதுதான்.

வேலை பழகுவது என்றால் என்ன என்று சில வாரங்களில் எனக்குத் தெரிந்துபோனது. கேபிள் சுருட்டுவது, பெட்டி தூக்குவது, எல்லாரும் போன பிறகு தரையைத் துடைப்பது. சம்பளம் கிடையாது, அனுபவம்தான் சம்பளம் என்பார்கள். இந்த வார்த்தையை எந்த நாட்டில் கேட்டாலும் எனக்கு வயிறு எரியும். ஆனால் அவள் புகார் சொல்லவில்லை. தோளில் கேமரா பதிந்த சிவப்புத் தடத்தோடு வந்து, ஒரு பாடகி கண்ணை மூடித் திறந்த நொடியைத் தான் பிடித்ததைப் பற்றிச் சாப்பிடாமல் பேசிக்கொண்டிருப்பாள்.

3

அவள் இந்தப் படிப்பில் சேர நான் சம்மதிக்கவில்லை. அதற்கு மூஞ்சி மாறுகிறவர்கள் காரணம் இல்லை. எனக்குக் கேமராக்காரர்கள் மேல் பழைய கோபம் ஒன்று உண்டு.

நான் நர்சிங் சேர்ந்த வருஷம் ஒரு புயல் வந்தது. குப்பத்தில் உயிர் போகவில்லை. ஆனால் கரையில் ஏற்றிவைத்த படகுகளை வாரிக்கொண்டு போய் சவுக்குத் தோப்பில் போட்டது. எங்கள் படகு இரண்டாகப் பிளந்திருந்தது. வலை எல்லாம் முள்ளில் சுற்றிக் கிழிந்து கிடந்தது. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, மெட்ராஸிலிருந்து வேனில் டிவிக்காரர்கள் வந்தார்கள்.

நைனா பிளந்த படகைப் பார்க்க நடந்து போனார். படம் பிடித்தார்கள். வெயில் எதிரே அடிக்கிறது, மறுபடி நடங்கள் என்றார்கள். நடந்தார். இந்தத் தடவை கையில் கிழிந்த வலையை வைத்துக்கொண்டு நடங்கள் என்றார்கள். முள்ளிலிருந்து வலையைப் பிரித்து எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னால் யாரோ சிரித்துவிட்டான், இன்னொரு தடவை என்றார்கள். அதற்கும் நடந்தார். பிறகு என் அம்மாவிடம் வந்தார்கள். அவள் அழுது ஓய்ந்து, அடுப்பு மூட்ட உலர்ந்த சுள்ளி தேடிக்கொண்டிருந்தாள். "அம்மா, கொஞ்சம் முன்னாடி அழுதீங்களே, அதே மாதிரி ஒரு தடவை" என்றான் கேமராவை வைத்திருந்தவன். டிவியில் வந்தால் நிவாரணம் சீக்கிரம் வரும் என்றும் சொன்னான்.

அம்மா சுள்ளியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

நிவாரணம் மற்ற குப்பங்களுக்கு எப்போது வந்ததோ அப்போதுதான் எங்களுக்கும் வந்தது. நான் அந்தக் கேமராக்காரனை இன்றுவரை மன்னிக்கவில்லை. அவனுடைய முகம் மறந்துவிட்டது. அவன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நிற்பு மறக்கவில்லை. அபி அதே மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஒத்திகை பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

4

போன வருஷம் ஊரிலிருந்து பெரிய பாடகர் ஒருவர் வந்தார். சங்கம்தான் ஏற்பாடு. நகரத்தின் பெரிய உள்ளரங்கங்களில் ஒன்றைப் பிடித்திருந்தார்கள். படம்பிடிக்கும் ஒப்பந்தம் அபி பழகிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு. தமிழ் விழாக்களுக்கு வராத பெண் வேலைக்காக வந்தாள். கறுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட், காதில் ஹெட்செட்.

அன்று கேபிள் பிடிப்பதுதான் அவளுக்குச் சொல்லியிருந்த வேலை. வழக்கமாக மேடைக்கு முன்னால் நிற்கும் கேமராக்காரர் வரவில்லை. இயக்குநர் அபியைப் பார்த்து, நீ பிடி என்று சொல்லிவிட்டார். இயக்குநர் என்பவர் அரங்கத்துக்குப் பின்னால் ஒரு அறையில் எல்லாக் கேமராக்களின் படத்தையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். எந்தப் படம் பெரிய திரைக்குப் போகவேண்டும் என்பதை முடிவு செய்பவர் அவர். யாருடைய படம் போகிறதோ அந்தக் கேமராவில் சிவப்பு விளக்கு எரியும்.

நானும் பாஸ்கரும் பக்கவாட்டில், மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மேடைக்கும் கூட்டத்தைத் தடுக்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் என் மகள் தோளில் கேமராவோடு முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தாள். எனக்குப் பாட்டு காதில் ஏறவில்லை. அவளையே பார்த்தேன்.

தடுப்புக்குப் பின்னால் நிற்பவர்களுக்கான இடம். ஆரம்பத்திலேயே நெரிசலாகத்தான் இருந்தது. பாடகர் தன் பெரிய பாட்டுக்கு வந்தபோது, "ஏன் பின்னாடி உக்காந்திருக்கீங்க, எல்லாரும் முன்னாடி வாங்க" என்றார். வந்துவிட்டார்கள். நாற்காலிகளை விட்டு இறங்கி, கயிற்றைத் தாண்டி, இளவட்டங்களும் குடும்பங்களும் குழந்தையைத் தோளில் தூக்கிய அப்பாக்களுமாக. அவர்களைத் தடுக்க வேண்டிய சங்கத்துத் தொண்டர்கள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அவர்களோடு ஆடினார்கள்.

அபி பாடகரை விட்டுத் திரும்பித் தடுப்பைப் பார்ப்பதை நான் பார்த்தேன். ஹெட்செட்டில் ஏதோ பேசினாள். மறுபடி பாடகர் பக்கம் திரும்பினாள். மறுபடி தடுப்பைப் பார்த்துப் பேசினாள்.

அப்போது அவள் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரை முழுக்கப் பாடகரின் முகம். அந்த முகம் திடீரென்று நகர்ந்துபோய், வேறு ஒரு முகம் வந்தது. ஒரு பெண். கன்னம் தடுப்பின் இரும்பில் அழுந்தியிருந்தது, வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அரங்கமே ஓ என்று கத்தியது, அவள் ரசித்துக் கத்துகிறாள் என்று நினைத்து. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். மூச்சு வராத வாயைப் பார்த்தால் எனக்குத் தெரியும். எழுந்து நின்றுவிட்டேன்.

உடனே திரையில் வேறு கேமராவின் படம். மறுபடி பாடகர். இயக்குநர் மாற்றிவிட்டார்.

அடுத்து அபி செய்ததைத்தான் நீங்கள் எல்லாரும் வீடியோவில் பார்த்தீர்கள். அவள் கேமராவைத் தோளிலிருந்து இறக்கி, மேடை விளிம்பில், பாடகரின் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஹெட்செட்டைக் கழற்றினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே ஆட்டினாள். பாடகர் முதலில் சிரித்தார். பிறகு அவள் கை காட்டிய பக்கம் பார்த்தார். பாட்டு நின்றது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அமைதியில்தான் முன்னால் இருந்தவர்களின் அலறல் எங்களுக்குக் கேட்டது.

விளக்கு போட்டார்கள். அபியும் அரங்கத்துக் காவலர்களும் தடுப்புக்கு மேலாகக் கையைப் பிடித்து ஒவ்வொருவராக இழுத்தார்கள். அந்தப் பெண்ணை இரண்டு பேராகத் தூக்கினார்கள். ஒரு சிறுமி மயங்கிக் கிடந்தாள். தண்ணீர் தெளித்ததும் கண் விழித்து அப்பாவைக் கேட்டாள். யாரும் சாகவில்லை. இதை அழுத்தி எழுதுகிறேன், யாரும் சாகவில்லை.

சிறிது நேரம் கழித்துக் கச்சேரி மறுபடி தொடங்கியது. சிறு தொழில்நுட்பக் கோளாறு என்று மேடையில் அறிவித்தார்கள். மறுநாள் பாடகர் தன் இணையப் பக்கத்தில் மெல்பர்ன் ரசிகர்களின் அன்பு வெள்ளத்துக்கு நன்றி தெரிவித்திருந்தார்.

5

மறுநாள் காலையிலேயே செயலாளர் கூப்பிட்டார்.

"பிரோகிராம் நடுவுல நின்னுடுச்சு. அவர் எவ்வளவு பெரிய ஆர்ட்டிஸ்ட். இனிமே இந்த ஹாலை நமக்குத் தருவானா? வெள்ளைக்காரன் முன்னாடி நம்ம மானம் போச்சு. உங்க பொண்ணுக்கு கேமரா பிடிக்கத் தெரியலைன்னா அவ ஏன் வரணும்?"

"உள்ள மூச்சு முட்டி இருந்தவங்க நம்ம ஆளுங்க இல்லியாங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எந்தக் கச்சேரியிலயும் நடக்கறதுதான் சகோதரி."

நிறுவனம் அதைவிட மரியாதையாகச் செய்தது. அபியின் கல்வி நிலையத்துக்கு எழுதிவிட்டார்கள். இவள் உத்தரவை மீறினாள், கருவியைக் கவனிப்பார் இல்லாமல் விட்டாள், கலைஞரின் பாதுகாப்புக்கு இடையூறு செய்தாள், ஆகவே இனி இங்கே வேலை பழக வரவேண்டாம். கல்வி நிலையத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. விருப்பமிருந்தால் ஆதரவுக்கு ஒருவரைக் கூட்டி வரலாம், ஆனால் அவர் பேசக்கூடாது என்று போட்டிருந்தது. பேசாத ஆதரவு என்றால் என்ன என்று நான் பாஸ்கரிடம் கேட்டேன். "உன்னால முடியாதது" என்றார்.

அதற்குள் வீடியோ குப்பத்துக்குப் போய்விட்டது. என் தம்பி ஏழுமலை கூப்பிட்டான். இப்போது எங்கள் படகை ஓட்டுகிறவன் அவன்தான்.

"இன்னாக்கா, வாட்ஸப்புல ஒண்ணு சுத்திக்கினு கீது. மேடைல கேமராவ வெச்சிட்டுக் கைய ஆட்டுதே, அது நம்ம அபியா?"

"ஆமாண்டா."

"பொண்ணு நல்லாகீதா? அடி கிடி படலியே?"

"படல."

"அது சரிக்கா, ஆனா கேமராவ ஏன் கீய வெச்சா? கைல வெச்சிருந்தா எல்லாம் பதிவாயிருக்கும்ல. இங்க பாரு, முகத்துவாரம் மண்ணு மூடிக் கெடக்குது, படகு வெளிய போவல. ஆபீஸுல போய்ச் சொன்னா ஒருத்தனும் நம்பல. பசங்க போன்ல புடிச்சிக் காட்டினாங்க, அப்பறந்தான் மண்ணு வார்ற மெஷினு வந்துச்சி. ஆதாரம் இல்லாம இன்னா சொன்னாலும் எவன் கேக்கறான்?"

"ரெண்டு கையும் வேணும்டா ஆளத் தூக்க" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றான். பிறகு, "அவளுக்கு இன்னா பண்ணுவானுங்க?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

அவன் சொன்னது மனதில் நின்றது. அபி மற்ற கேமராக்களின் பதிவையும் ஹெட்செட் பேச்சின் பதிவையும் கேட்டு எழுதினாள். அவை நிறுவனத்தின் உடைமை, தர இயலாது என்று பதில் வந்தது. முன்னால் நசுங்கியவர்களின் முகமும் நிறுவனத்தின் உடைமை ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரையில் வந்த அந்தப் பெண் கணவரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சுகந்தி என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். விலா எலும்பில் விரிசல். சாய்ந்து உட்காரக்கூட முடியவில்லை. அபியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நான் கத்தினனான். எனக்கே என்ர சத்தம் கேக்கேல்ல. நீ திரும்பிப் பாத்தாய்" என்றார்.

அபிக்குத் தமிழில் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. "பரவாயில்லை" என்றாள். சுகந்திக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வலித்தது. நாங்கள் எல்லாருமே ஒரு மாதிரி ஆகிவிட்டோம். போகும்போது அவர் கணவர், அரங்கத்தின் மேல் முறையாகப் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

6

விசாரணைக்குப் போகும் வழியில் காரில் நான் அபியிடம் சொன்னது இதுதான்: "தப்புதான்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வந்துடு. படிப்பு முடியட்டும்."

இத்தனை வருஷம் இந்த நாட்டில் நான் பிழைத்தது அப்படித்தான். எங்கே கையெழுத்து கேட்டாலும் போட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அறையில் மூன்று பேர். வேலைப் பயிற்சியை ஒருங்கிணைக்கும் அம்மா, துறையிலிருந்து ஓர் ஆசிரியர், நிறுவனத்தின் சார்பில் அந்த இயக்குநர். "முனுசாமி, நீங்கள் கவனிக்க மட்டும் வந்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்தானே" என்று ஒருங்கிணைப்பாளர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். தலையாட்டினேன்.

இயக்குநர் கெட்டவர் மாதிரி இல்லை. நிதானமாகப் பேசினார். அபி நல்ல மாணவி, ஆனால் அனுபவம் இல்லாத மாணவி, அவ்வளவுதான் என்றார்.

அபி கேட்டாள்: "அனுபவம் இல்லாத மாணவியை முன்னால் நிற்கச் சொன்னது யார்?"

கேமராவைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டபோது அவள் கேமராக்காரி. பிரச்சினை என்று வந்ததும் மாணவி. இரண்டு பெயரையும் அவர்களே வைத்தார்கள்.

"நெரிசல் என்று நான் இரண்டு தடவை ஹெட்செட்டில் சொன்னேன். பாடகர் மேலேயே இரு என்றீர்கள்" என்றாள் அபி.

"அந்த இரைச்சலில் நான் கேட்டதாக நினைவில்லை. பார், உன்னை எனக்குப் புரிகிறது. கூட்டம் முழுக்க உன் சமூகத்து ஆட்கள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டாய். அது இயல்புதான்."

வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று அதே இடத்தில் நின்று அதே காரியத்தைச் செய்திருந்தால் சமயோசிதம் என்பார்கள், என் பெண் செய்தால் உணர்ச்சி.

அபி குரலை உயர்த்தவில்லை. "அங்கே ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. நான் அந்த விழாக்களுக்குப் போகிறவளே இல்லை. மூச்சு விட முடியாத ஒருத்தரைப் பார்த்தேன், அதைச் சொன்னேன். நீங்கள் படத்தை மாற்றினீர்கள்."

ஒருங்கிணைப்பாளர் ஒரு காகிதத்தை நகர்த்தினார். சுமுகமாக முடித்துக்கொள்ளலாம் என்றார். அன்று என் முடிவு தவறானது, இனி இயக்குநரின் சொல்படி நடப்பேன் என்று தன் வார்த்தைகளில் எழுதிக் கொடுத்தால் போதும், பயிற்சி முடிந்ததாகக் கணக்கில் சேரும்.

அபி பேனாவை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் மருத்துவமனையில் ஊசிக்கு முன்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. காரில் நான் சொன்னதை அவள் மறக்கவில்லை. அம்மா சொன்னால் எழுதிவிடுவாள் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

கிழிந்த வலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி நடந்த நைனா எனக்கு அப்போது நினைவுக்கு வந்தார். நிவாரணம் வரும் என்றதற்காக அழுது காட்டிய அம்மாவும்.

"அபி, எழுதாத" என்று தமிழில் சொன்னேன். "அவங்க கேக்கறாங்கன்னு செய்யாத தப்ப செஞ்சேன்னு எழுதாத. பட்டயம் எப்ப வருதோ அப்ப வரட்டும்."

"ஆதரவுக்கு வந்தவர் பேச அனுமதியில்லை" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"அவர் உங்களோடு பேசவில்லை. என்னோடு பேசுகிறார்" என்றாள் அபி.

"என்ன சொன்னார்?"

"எழுதாதே என்றார். நானும் எழுதப் போவதில்லை."

துறை ஆசிரியர் அதுவரை வாயே திறக்கவில்லை. அப்போதும் திறக்கவில்லை. குனிந்து தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்த மனிதர்களின் இந்த மௌனம் எனக்கு இயக்குநரின் பேச்சைவிட ஆத்திரமூட்டியது.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். வண்டியை எடுக்காமல் அப்படியே இருந்தேன். அபிதான் தண்ணீர் கொடுத்தாள். அன்றுதான் அவளிடம் புயலுக்குப் பிறகு வேனில் வந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"தாத்தா ஏம்மா மாட்டேன்னு சொல்லல?"

"சொல்லலாம்னு அவருக்குத் தெரியாது."

"எந்த சேனல்?"

"இப்ப தெரிஞ்சு இன்னா பண்ணப் போற?" என்றேன். கோபத்தில் என் வாயில் ஊர் பாஷை வந்துவிட்டது.

அவள் அழுதாள். விசாரணை அறையில் அழாதவள், அதிகம் பார்த்துப் பழகாத தாத்தா நடந்ததற்காக அழுதாள். "அதனாலதான் நான் இது படிக்கக் கூடாதுன்னு சொன்னியா? சொல்லியிருந்தா நான் சண்ட போட்டிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "படிச்சிருப்பேன். சண்டதான் போட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

7

பயிற்சியில் தோல்வி என்று போட்டார்கள். அவளோடு படித்தவர்கள் பட்டயம் வாங்கிய நாளில் அபி ஒரு சின்ன நாடக அரங்கத்தில் மறுபடி முதலிலிருந்து பயிற்சியைத் தொடங்கியிருந்தாள். அதையும் முடித்து, தாமதமாகப் பட்டயம் வாங்கினாள்.

சுகந்தி வீட்டார் கொடுத்த புகாரில் அரங்கத்தினர் விசாரித்து, நிற்கும் இடத்துக்கு அனுமதித்த அளவுக்கு மேல் சங்கம் ஆட்களை விட்டிருந்தது என்று முடிவுக்கு வந்தார்கள். கச்சேரியை நிறுத்தியிராவிட்டால் உயிர் போயிருக்கும் என்றும் சொன்னார்கள். ஆங்கிலத்தில் ஒரு வெள்ளைக்காரர் சொன்ன பிறகு சங்கத்துக்கு என் பெண் வீரமங்கை ஆகிவிட்டாள். தாங்கள் அளவுக்கு மேல் விட்ட கூட்டத்தில் நசுங்கியவர்களை அவள் காப்பாற்றினாள் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்துவார்களா? மாட்டார்கள். மேடையில் நின்று கைதட்டு வாங்கிக்கொண்டு, தாங்களே காப்பாற்றியதைப் போலப் படம் எடுத்துக்கொள்வார்கள். நிறுவனத்திலிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை வரவில்லை. அந்த இயக்குநர் அதே வேலையில்தான் இருக்கிறார்.

அபி இப்போது கச்சேரிகளுக்குக் கேமரா பிடிக்கிறாள். வேலைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் முதலிலேயே ஒரு கேள்வி கேட்கிறாள்: "முன்னால் ஒருத்தர் விழுந்தால் ஹெட்செட்டில் என்ன சொல்லவேண்டும், சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" முதலில் கேட்ட இடத்தில் சிரித்தார்களாம். அடுத்த இடத்தில் யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர்கள் பிறகு கூப்பிடவே இல்லை. "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?" என்று பாஸ்கர் கேட்டார். "எழுதாதன்னு அம்மா சொல்லித்தானேப்பா நான் இப்பிடி" என்றாள். பாஸ்கர் என்னைப் பார்த்து முழித்தார். மூன்றாவதாக ஒரு பெண் இயக்குநர், "சிவப்பு என்று சொல். நிறுத்திவிடுவேன்" என்றாளாம். அவளோடுதான் இப்போது வேலை.

போன சனிக்கிழமை அவர்களுடைய கச்சேரி ஒன்றுக்குப் போனேன். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் இசைக்குழு. ஒரு பாட்டும் விளங்கவில்லை. முன்னால் பிள்ளைகள் குதித்தார்கள், வியர்த்தார்கள், கத்தினார்கள். அபி சந்தில் நின்று பாடுகிறவனைப் பிடித்தாள், அவ்வப்போது கேமராவை இறக்காமலே தலையைத் திருப்பித் தடுப்பைப் பார்த்தாள். பிறகு மறுபடி பாடுகிறவன். கடைசிவரை எதுவும் நடக்கவில்லை.

முடிந்ததும் நான் வாசலில் போய் நின்றேன். அவளுக்காகக் காத்திருந்தேன் என்றுதான் பாஸ்கரிடம் சொன்னேன். தொண்டை கட்டிப்போன பிள்ளைகள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்ட ஒரு பெண், மகனைத் தேடும் ஓர் அப்பா, கைகோத்த சோடிகள் என்று கூட்டம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உள்ளே போனவர்கள் எல்லாரும் அவரவர் காலில் நடந்து வெளியே வந்தார்கள்.